நாற்பது தலையும் ஒரு வாத்துக்கூட்டமும்

எலுமிச்சம்பழத்தை யாராவது நகத்தால் கீறினால் போதும், எனக்குள் ஒரு பஸ் கிளம்பிவிடும். போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரர் தாம்பூலப் பையிலிருந்த பழத்தைச் சும்மா கீறிக்கொண்டிருந்தார். சாம்பாரும் மல்லிகையும் மணக்க வேண்டிய மண்டபத்தில் எனக்கு டீசல் மணத்தது, வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட் மணத்தது, யாரோ வாந்தி எடுப்பதற்கு முந்தைய அந்த ஒரு நிமிட அமைதிகூட மணத்தது. என்னை அறியாமல் எழுந்து நின்று, பந்தியில் இருந்தவர்களை விரல் நீட்டி எண்ண ஆரம்பித்துவிட்டேன். என் மனைவி வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். "ஏங்க, இது கல்யாணம். யாரையும் விட்டுட்டுப் போக இங்கன பஸ் இல்ல" என்றாள்.

புதிதாக டூர் மேனேஜர் வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி தேனி ஆபீசிலிருந்து கேட்டார்கள். பதினெட்டு வருஷம் இந்த வேலையில் இருந்துவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில் முதுகு டாக்டர் சொல்லித்தான் இறங்கினேன். ஓடுகிற பஸ்ஸில், ஓட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, மைக்கில் பேசிக்கொண்டே போனால் ஒரு மனிதன் என்ன ஆவான் என்பதற்கு என் எக்ஸ்ரேயை ஆபீசில் சட்டம் போட்டு மாட்டலாம். ரூம் பிடிப்பது, பெர்மிட் வாங்குவது எல்லாம் உங்களுக்குத் தானாகப் பிடிபட்டுவிடும். நான் சொல்லப்போவது, என் வாழ்க்கையிலேயே மிகச் சரியாக எண்ணிய ஒரு நாளைப் பற்றி.

என்னை வேலைக்குப் பழக்கியவர் ஒரே ஒரு பாடம்தான் சொல்லித் தந்தார். "தலைய எண்ணு, மூஞ்சியப் பாக்காத. மூஞ்சியப் பாத்தா பாவமா இருக்கும். பாவம் பாத்தா லேட்டாகும்." நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். நாற்பது தலையை ஒரு மூச்சில் எண்ணி முடிப்பேன். கொண்டை, வழுக்கை, குரங்குக் குல்லா, முந்தானை போட்ட தலை என எதுவும் என் விரலுக்குத் தப்பாது. முகம் மட்டும் எனக்குத் தெரியாது. பிற்பாடு கடைத்தெருவில் யாராவது, "சார், உங்ககூட மைசூர் வந்தேனே, நெனப்பிருக்கா?" என்று கேட்டால், அவரைக் கொஞ்சம் குனியச் சொல்லி உச்சந்தலையைப் பார்த்தால் ஞாபகம் வந்துவிடும் என்றுதான் தோன்றும்.

கூட்டமாகப் போவதன் கொடுமை உங்களுக்கு முதல் டூரிலேயே தெரிந்திருக்கும். முப்பத்தொன்பது பேர் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நாற்பதாவது ஆளுக்கு ஒன்றுக்கு வரும். ஜன்னலோரத்துக்குச் சண்டை, ஜன்னலைத் திறக்கச் சண்டை, மூடச் சண்டை. எந்த இடத்தில் இறங்கினாலும் முன்னால் நிற்பவரின் முதுகுதான் முதல் காட்சி. தனியாகப் போகிறவருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. பஸ் வராவிட்டால் திட்ட ஆள் கிடைக்காது என்பது ஒன்றுதான் அவருக்குக் குறை. கூட்டத்தில் அந்தக் குறை கிடையாது. அதற்குத்தான் டூர் மேனேஜர் இருக்கிறார்.

அது ஒரு சனிக்கிழமை டூர். காலையில் தேனியில் கிளம்பி வீரபாண்டி, குச்சனூர், சுருளி அருவி, ஒரு திராட்சைத் தோட்டம், பொழுது சாய்வதற்குள் திரும்பத் தேனி. பல ஊர்களிலிருந்து வந்த நாற்பது பேர், ஒருவருக்கொருவர் பழக்கமில்லாதவர்கள். வழக்கம்போல ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். வீட்டில் ஒரே கூரையின் கீழ் முப்பது வருஷம் இருந்தவர்கள் பஸ் படியேறியதும் பிரிந்து, சாயங்காலம் இறங்கும்போது சேர்வார்கள்.

முதல் சீட்டில் ஜெயமங்கலம் தங்கவேலு. தென்னந்தோப்புக்காரர். காசியிலிருந்து கொல்லூர் வரை எல்லா டூரும் போனவர் என்பதால் டிரைவருக்கு ரோடு சொல்லிக்கொண்டும் எனக்கு மைக் பிடிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் வந்தார். என் லிஸ்ட்டில் அவருடைய வரி இப்படி இருந்தது: 'தங்கவேலு, ஜெயமங்கலம், கூட ஒருவர்.'

அந்தக் கூட ஒருவர், பஸ் சின்னமனூரில் பிரிந்து மார்க்கையன்கோட்டை தாண்டிக் குச்சனூரை நெருங்கும்போது, சீட்டுக் கம்பிகளைப் பிடித்துப் பிடித்துப் பின்னாலிருந்து என்னிடம் நடந்து வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அறுப்பு முடிந்த வயல்களில் தண்ணீர் நின்றது. ஒரு வயல் முழுக்க வாத்துகள். வெயிலைக் கொத்தித் தின்பதுபோல அத்தனையும் தலைகுனிந்து மேய்ந்துகொண்டிருந்தன.

"தம்பி, அந்த வாத்துக்கூட்டத்தப் பாத்தீகளா? அங்கன ஒரு அஞ்சு நிமிசம் நிப்பாட்டுவீகளா?"

இங்கேதான் என் முதல் தப்பு. வேண்டாம் என்று சொன்னது தப்பில்லை. அதை மைக்கில் சொன்னேன். "அம்மா வாத்து பாக்கணுமாம்! வாத்து நம்ம புரோகிராம்ல இல்லைங்கம்மா. எறங்குறவுக முட்டைக்கும் சேத்துப் பணம் கட்டணும்!"

பஸ் முழுக்கச் சிரித்தது. என் நகைச்சுவைக்கு அவ்வளவு சிரிப்பு விழுந்ததே கிடையாது, அதனால் நானும் சிரித்தேன். தங்கவேலு திரும்பி, "வீட்டுல கோழி நிக்குதுல்ல, அதப் பாரு. போயி உக்காரு போ" என்றார். அந்த அம்மா சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. வந்த மாதிரியே கம்பி பிடித்துத் திரும்பிப் போனார்.

குச்சனூர் சனி பகவான் கோயிலின் சனிக்கிழமைக் கூட்டம் உங்களுக்குத் தெரியும். நாற்பது நிமிஷம் கொடுத்தேன். கறுப்பும் நீலமுமாக ஜனம் வழிய, எள்விளக்கு வாசனையோடு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். எண்ணினேன். முப்பத்தொன்பது. வெயிலில் வாட்ச்சைப் பார்த்தபடி நிற்கும்போது பின்படி வழியாக முந்தானையால் முக்காடு போட்ட ஒரு தலை ஏறி, கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்தது. நாற்பது. விசிலடித்தேன். பஸ் கிளம்பியது.

சுருளி போய்ச் சேரும்போது உச்சி வெயில். எல்லோரும் துண்டும் எண்ணெயுமாக இறங்கி ஓடினார்கள். ஒரு தலை மட்டும் பின் சீட்டில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய்க் குரல் கொடுத்தேன்.

"அம்மா, அருவி வந்துருச்சு."

கண்ணைத் திறந்தார். மடியில் ஒரு காலிக் கூடை, எண்ணெய்ப் பிசுக்கோடு. "மார்க்கையங்கோட்டை வந்துருச்சா?" என்றார்.

"எந்த மார்க்கையன்கோட்டை?"

"என்னய்யா கேள்வி இது? ஊருக்குள்ள எத்தன மார்க்கையங்கோட்டை கெடக்கு?"

குச்சனூரை விட்டால் அடுத்த ஊர் மார்க்கையன்கோட்டை. அதைத் தாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் எல்லாம் தாண்டி மலையடிவாரத்துக்கே வந்துவிட்டோம். அவர் பெயர் மாயக்கா. கோயில் வாசலில் எள்விளக்கு விற்கிறவர். விளக்கு சீக்கிரம் விற்றுத் தீர்ந்துவிட்டதால் வீட்டுக்குக் கிளம்பியவர். "இம்புட்டு மெத்து மெத்துன்னு சீட்டு வச்சா எந்த மனுசிக்கு முழிப்பு வரும்?" என்று என்னையே கோபித்தார்.

நாற்பதில் ஒன்று இவர் என்றால், என்னுடைய நாற்பதாவது எங்கே?

மாயக்கா உட்கார்ந்திருந்தது, காலையில் வாத்து கேட்ட அம்மா திரும்பிப் போய் உட்கார்ந்த சீட். லிஸ்ட்டை எடுத்துப் பார்த்தேன். 'கூட ஒருவர்.' கூப்பிடக்கூட ஒரு பெயர் இல்லை. போன் நம்பர் தங்கவேலுவுடையது. அந்த அம்மாவிடம் போன் கிடையாது. குச்சனூரில் கோயிலை ஒட்டி ஆறு ஓடுகிறது, அந்த வாரம் தண்ணீர் நிறையப் போனது. படித்துறைப் பாசி, கால், சேலை என்று என் மூளை ஒரு முழு விபத்தையும் நிமிஷத்தில் போட்டுக் காட்டியது.

அருவிப் பாதையில் தங்கவேலு உச்சியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நானாகப் போய், "அண்ணே, அம்மா பொம்பளைங்க பக்கம் குளிக்கப் போயிட்டாக" என்றேன். "சரி, போகட்டும்" என்று தேய்த்துக்கொண்டே போனார். யாரும் கேட்காத கேள்விக்கு ஓடிப் போய்ப் பொய் சொன்ன ஆள் இந்தத் தொழிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பஸ்ஸைத் திருப்பினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் சாப்பாட்டை டிரைவர் பொறுப்பில் விட்டுவிட்டு, மாயக்காவோடு டவுன் பஸ் ஏறினேன். பிள்ளைகளே, அந்தப் பயணத்தில்தான் ஒரு விஷயம் தெரிந்தது. எனக்குப் பயணம் செய்யத் தெரியாது. கம்பத்தில் இறங்கி எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் கண்ணில் பட்ட முதல் பஸ்ஸில் கால் வைத்தேன். மாயக்கா சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அது குமுளி போறது. ஏறினீகன்னா மலையாளம் பேசிக்கிட்டுத்தான் எறங்கணும். நீங்கதான் டூர் மேனேசரா?"

"ஆமாம்மா."

"உங்கள நம்பி நாப்பது பேரு?"

"முப்பத்தொம்பது" என்றேன்.

உத்தமபாளையம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அதுவரை நான் இந்தப் பள்ளத்தாக்கை முதுகால்தான் பார்த்திருந்தேன். மைக்கைப் பிடித்துப் பின்கண்ணாடியைப் பார்த்து நிற்கிறவனுக்குத் தென்னை, ஆறு, மலை எல்லாமே விலகிப் போய்க்கொண்டே இருக்கும். அன்றைக்குத்தான் அவை என்னை நோக்கி வந்தன. திராட்சைப் பந்தல் வந்தது. பந்தலுக்கடியில் பச்சை நிழல் வந்தது. மேகமலையின் தோள் வந்து, கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நடந்தது. ஒரு பொம்பளையை ஆற்றில் தொலைத்துவிட்டேனோ என்று பதறிக்கொண்டிருந்தபோதும், ஒரு கண் அது பாட்டுக்கு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. வெட்கம் கெட்ட கண்.

என் முகம் எப்படி இருந்ததோ, மாயக்கா வேர்க்கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். "தம்பி, ஒண்ணு சொல்லுவேன், கோவிக்கக் கூடாது. நானா உங்க வண்டியில ஏறல."

"பின்ன?"

"அந்தம்மா எங்கிட்டதான் வெளக்கு வாங்குனாக. எங்க போறன்னு கேட்டாக. மார்க்கையங்கோட்டைன்னேன். 'அந்தா நிக்கிற வண்டியில எஞ்சீட்டு காலியாத்தான் இருக்கு, ஏறிக்க. ஊரு வந்ததும் சத்தங்குடுத்து எறங்கிக்க'ன்னாக. வைய மாட்டாகளான்னு கேட்டேன். 'அந்தத் தம்பி மூஞ்சியப் பாக்காது, தலையத்தான் எண்ணும். நீ தலைய மட்டும் நல்லாத் தூக்கி உக்காரு'ன்னாக."

எனக்கு ஒரே நேரத்தில் கோபம், ஆறுதல், சிரிப்பு மூன்றும் வந்தன. எது முதலில் வெளியே வருவது என்று அவற்றுக்குள்ளே சண்டை, என் பஸ்ஸின் ஜன்னல் சீட்டுக்கு நடப்பதுபோல. என் இத்தனை வருஷ அனுபவத்தை அந்த அம்மா அரை நாளில் படித்து முடித்துவிட்டார்.

சின்னமனூரில் மாறி, குச்சனூர் போகும் டவுன் பஸ் பிடித்தோம். மார்க்கையன்கோட்டை வந்தும் மாயக்கா இறங்கவில்லை. "ஆளக் கண்ணால பாத்துட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்" என்று சொல்லிவிட்டார். ஊர் தாண்டி வயல் வந்ததும் ஜன்னல் வழியே கை நீட்டினார்.

"அந்தா! ஏலே, நிப்பாட்டுடா!"

கண்டக்டர் விசிலடிக்க, வயல் நடுவே பஸ் நின்றது. நான் ஐந்து நிமிஷம் நிறுத்த முடியாத அதே இடத்தில்.

வரப்போரத் தென்னை நிழலில் அந்த அம்மா காலை வாய்க்காலில் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நீளக் கழியோடு வாத்துக்காரர். அம்மா மடியில் பாதி தின்ற வெள்ளரிக்காய். என்னைப் பார்த்ததும் திடுக்கிடவில்லை.

"வந்துட்டீகளா தம்பி? செருப்பக் கழட்டிட்டு உக்காருங்க, தண்ணி நல்லாருக்கு."

கூடவே இறங்கிய மாயக்கா, தான் தூங்கிப்போன கதையைச் சொல்லிவிட்டு ஊருக்கு நடையைக் கட்டினார்.

"ஏம்மா இப்பிடிப் பண்ணீக? எனக்கு உசுரே போயிருச்சு."

"சும்மா காணாமப் போனா நீங்க தேடுவீக. வண்டி நிக்கும், நாப்பது பேரும் வைவாக. எண்ணிக்க சரியா இருந்தா ஒருத்தருக்கும் தொந்தரவு இல்லைல்ல? சாயங்காலம் நீங்க திரும்புறப்ப சின்னமனூர்ல ரோட்டோரமா நின்னு கை காட்டிறலாம்னு இருந்தேன். அந்த மகராசி தூங்கிப் போவான்னு கண்டேனா?"

"வாத்துல என்னம்மா இருக்கு?"

"ஒண்ணுமில்ல." வெள்ளரிக்காயைக் கடித்தார். "காசிக்குப் போனேன். கங்கையில என்ன பாத்தன்னு ஊருல கேட்டாக. முன்னால நின்னவ கொண்டையப் பாத்தேன்னு சொன்னேன். மைசூர்ல அரமனையப் பாத்தது இருபது நிமிசம், அதுலயும் பாதி இவுகளுக்குச் செருப்பு தேடுனது. முப்பது வருசமா சுத்துறேன் தம்பி. நானா ஒரு எடத்துல எறங்கி, நானாப் போதும்னு எந்திரிச்சதே இல்ல."

நான் வாத்துக்காரரிடம் பேச்சை மாற்றினேன். "எத்தனை வாத்துண்ணே?"

"எண்ணுறதில்ல சார். எந்தப் பக்கமாச்சும் சத்தம் கொறஞ்சா போயிப் பாப்பேன், அம்புட்டுத்தான்."

காலையில் கம்பி பிடித்துத் திரும்பிப் போன அந்த அம்மா, பின் சீட்டில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மைக் வைத்திருப்பவனுக்கு அடுத்தவர் சத்தம் குறைவது எங்கே கேட்கப்போகிறது?

அந்த நேரம் பார்த்து டிரைவர் போன் வந்தது. "சார், ஜெயமங்கலத்து அண்ணன் மூணு தடவ குளிச்சுட்டு, துண்டு கேட்டு ஈரத்தோட நிக்கிறாரு. பொம்பளைங்க பக்கம் நின்னு 'ஏ புள்ள, ஏ புள்ள'ன்னு கத்தி, அருவியில இருந்த அத்தன பொம்பளைகளும் திரும்பிப் பாத்துட்டாக. என்ன சொல்ல? இந்தா, போனப் பிடுங்குறாரு..."

அந்த அம்மா காலைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். முதல்முறையாக முகத்தில் பயம் தெரிந்தது. அந்த முகத்தை நான் அப்போதுதான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

"தம்பி, அம்மா வழி தெரியாமத் தொலஞ்சு போயிட்டாகன்னு சொன்னீகன்னா உங்களுக்கு வம்பில்ல. ஆனா பெறகு என்னைய உள்ளூர்ச் சந்தைக்குக்கூட ஒத்தையில விட மாட்டாக. அத மட்டும் யோசிச்சுக்கங்க."

யோசித்தேன் என்று பெருமையாக எழுத ஆசைதான். முதலில் என் வாயில் ரெடியாக வந்து நின்றது அந்தப் பொய்யேதான். வழி தெரியாமல் போய்விட்டார்கள், நல்லவேளை நான் கண்டுபிடித்துவிட்டேன். அழகான பொய். என்னைக் காப்பாற்றி எனக்கு மாலையும் போட்டுவிடும். அதை விழுங்கியது நல்ல புத்தியால் இல்லை. கழியை ஊன்றி வாத்துக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சாட்சிக்கு முன்னால் பொய் சொல்ல எனக்கு வராது.

"அண்ணே, நான் சொன்னது பொய். அம்மா சுருளிக்கே வரல. வாத்து பாக்கணும்னு காலையில கேட்டாக, நான் கேலி பண்ணிட்டேன். குச்சனூர்ல அவுகளா எறங்கி, அவுகளா வாத்து பாக்க வந்துட்டாக. நான் எண்ணத் தெரியாம எண்ணி வண்டிய எடுத்துட்டேன். அவுக தொலையலண்ணே. தொலஞ்சது நான்தான்."

எதிர்ப்பக்கம் அருவிச் சத்தத்தோடு தங்கவேலு குரல் கேட்டது. "அவகிட்டக் குடு" என்றார். கொடுத்தேன்.

"துண்டு பச்சைப் பையில அடியில இருக்கு" என்றார் அந்த அம்மா. "ஆமா... ஒத்தையிலதான்... ஒரு பயமும் இல்ல, வாத்து என்ன கடிக்கவா போகுது?... நான் சின்னமனூர்ல வந்து நிக்கிறேன். எனக்கு வழி தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க சாப்டீகளா?" என்று கேட்டார். பதில் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அவர் முகம் இளகியதைப் பார்த்தேன். பிறகு போனை என் கையில் வைத்துவிட்டு, காலைத் திரும்பவும் தண்ணீரில் விட்டார். நானும் செருப்பைக் கழற்றினேன். தண்ணீர் உண்மையிலேயே நன்றாக இருந்தது.

அதற்கப்புறம் எனக்கு நடந்ததை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. சின்னமனூரிலிருந்து தேனி வரை தங்கவேலு என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். நடுவில் மைக்கைக் கேட்டு வாங்கித் திட்டினார். பஸ் காலையில் சிரித்ததைவிட நன்றாகச் சிரித்தது. ஆபீசில் என்னை இரண்டு மாதம் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். ஆனால் அந்த அம்மாவைத் தங்கவேலு ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீரபாண்டி தாண்டும்போது எழுந்து பின்னால் போய், அவர் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, "எத்தன வாத்துடி இருந்துச்சு?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். எண்ணிக்கை சரியாக வருகிறபோது இன்னொரு தடவை பாருங்கள். தப்பாக வந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். சரியாக வருகிற தப்பைப் பிடிக்கத்தான் நீங்கள் சம்பளம் வாங்குகிறீர்கள். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு யாரையும் கேலி செய்யாதீர்கள், அவர்களிடம் மைக் இல்லை. அப்புறம், மாதத்தில் ஒரு நாளாவது தனியாக டவுன் பஸ் ஏறி எங்கேயாவது போய் வாருங்கள். வழி தெரியாமல் நின்று பழகாதவனுக்குக் கூட்டத்தை நடத்தத் தகுதி இல்லை. கவுண்டரில் உட்கார்ந்த அந்த இரண்டு மாதத்தில் நான் ஞாயிறுதோறும் அப்படித்தான் போனேன். இரண்டு தடவை குமுளியில் போய் இறங்கினேன்.

தேனியில் எல்லோரும் இறங்கிய பிறகு கடைசியாக அந்த அம்மா இறங்கினார். தங்கவேலு ஆட்டோ பேசிக்கொண்டிருந்தார். நான் லிஸ்ட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"அம்மா, லிஸ்ட்டுல உங்க பேரே இல்ல. உங்க பேரு என்னம்மா?"

"செல்லத்தாய்."

'கூட ஒருவர்' என்பதை அடித்துவிட்டு எழுதினேன். அவர் அதை எட்டிப் பார்த்து, எழுத்தெல்லாம் சரியாக இருக்கிறதா என்று படித்தார்.

"அடுத்த தடவ தலைய எண்ண மாட்டேன்மா. பேரச் சொல்லித்தான் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க தம்பி. இருந்தா, இருக்கேன்னு சொல்லுறேன்."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா வண்டிய எடுத்துட்டுப் போயிருங்க."